ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எனக்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்கு. தினமும் போடக் கூடாது. வாரத்தில் ஒரே நாள்தான், அந்த நாளும் மாறக் கூடாது. டாக்டர் அப்படிச் சொன்னதும் என் வீட்டுக்காரி அதை ஞாயிற்றுக்கிழமையோடு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுப்போம். கறிச்சோறு தின்று கை கழுவினதும் மாத்திரை. மறுநாள் வேறொரு சின்ன மாத்திரை, முந்தின நாள் மாத்திரை உடம்பைப் படுத்தாமல் இருப்பதற்கு. காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. குழம்பு வாசம் வந்தால் மாத்திரை ஞாபகம் வந்துவிடும்.

அவள் திருப்பூருக்குப் போனதோடு அந்த ஏற்பாடு கெட்டது.

மகளுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மருமகனுக்கும் அங்கேதான். முதல் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் என்று போனாள். சொன்னபடி வந்தாள். இரண்டாவதற்குப் போனவள் வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது. நானும் கூடப் போயிருக்கலாம். அங்கே ஒரே அறை. மருமகன் முன்னால் காலை நீட்டி உட்கார எனக்குக் கூச்சம். என் காலை நீட்டாமல் உட்காரவும் முடியாது. சமயநல்லூரிலேயே இருந்துகொண்டேன்.

இருபது வருடத்துக்கு மேல் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். பிறகு கை விரல்களின் கணுக்கள் வீங்கின. முதலில் வலது கை, அப்புறம் இடது கை, அப்புறம் மணிக்கட்டு, முழங்கால். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. குழாயைத் திருக முடியாது. கைலியை முடிச்சுப் போட முடியாமல் பச்சை பெல்ட்டுக்குள் செருகிக்கொள்ளப் பழகினேன். மூட்டை தூக்குகிற வேலை போனது. பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலை கிடைத்தது. மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். சாயங்காலம் வந்து எடுப்பார்கள்.

முதன்முதலாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளும் வந்தாள். டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் என்னைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார். அவளை மட்டும் நிறுத்திப் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“மாத்திரைய ஒழுங்காப் போடச் சொன்னாரு.”

“அதுக்கா பத்து நிமிசம்?”

“ஒங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டாரு போல. வாங்க, பன்னு வாங்கித் தாரேன்.”

நான் விட்டுவிட்டேன். அந்த வாரத்திலிருந்து என் பீடிக்கட்டு நனையத் தொடங்கியது. மாடத்தில் வைப்பேன். காலையில் பார்த்தால் ஈரமாக இருக்கும். எலி வேலை என்பாள். எலி கடிக்கும், நனைக்குமா என்று கேட்பேன்.

“நம்ம வீட்டு எலி நனைக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு.

அவள் திருப்பூர் போன பிறகும் மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கினேன். தனியாகத்தான். ஒரு நாள் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் வரிசை. எனக்கு முன்னால் நின்றவருக்கு ஒரு பக்கக் கன்னத்தில் கட்டுப் போட்டிருந்தது. வாய் முழுதாகத் திறக்கவில்லை. அவர் வாங்கின அட்டையும் நான் வாங்கின அட்டையும் ஒரே மாதிரி இருந்தன. அவர்தான் அதை முதலில் பார்த்தார்.

“அண்ணே, ஒங்களுக்கும் வாயிலயா?”

“இல்ல. மூட்டு. கையி, காலு.”

அவர் என் அட்டையை வாங்கித் தன் அட்டையோடு சேர்த்து வைத்தார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரே எழுத்துதான்.

“இது கேன்சர் மாத்திரைண்ணே. எனக்கு அதுக்குத்தான் குடுக்குறாக. எட்டு மாசமாத் திங்கிறேன்.”

“எனக்கு மூட்டுக்குன்னு சொன்னாக.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒங்க வீட்ல ஒங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாக.”

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சமயநல்லூர் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். இறங்கி நடந்து வந்தேன்.

அவர் சொன்னதை நான் ஏன் நம்பினேன் என்றால், நானே அதைச் செய்தவன். என் அண்ணனுக்குக் குடலில் அந்த நோய் வந்தது. டாக்டர் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். நான் வெளியே வந்து அண்ணனிடம், குடல்புண்ணாம், மோர் குடிச்சாச் சரியாயிரும் என்றேன். சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னேன். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னோம். எங்கள் பக்கம் அப்படித்தான். அந்த நோய் வந்தவனிடம் மட்டும் அதன் பேரைச் சொல்ல மாட்டோம். கடைசி வாரம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மோரு புளிக்குதுடா என்றான். அவனுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது என் முறை என்று நினைத்துக்கொண்டேன். என்னை வெளியே உட்கார வைத்த பத்து நிமிடம் ஞாபகம் வந்தது. பன்னு வாங்கித் தந்தது ஞாபகம் வந்தது. தெரிந்துதான் திருப்பூருக்குப் போனாளா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். தப்பான நினைப்புதான். தனியாக இருக்கிறவனுக்கு அந்த மாதிரி நினைப்பை வந்து தட்டிவிட ஆள் கிடையாது.

மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. போட்டாலும் அதுதான், போடாவிட்டாலும் அதுதான் என்று தோன்றியது. அண்ணன் அம்புட்டு மாத்திரை தின்றான். என்ன ஆனது? மிச்சமிருந்த அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். ஆஸ்பத்திரிக்குப் போவதும் நின்றது. கறி எடுப்பது அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது. ஒருத்தனுக்கு என்ன கறி. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் மற்ற கிழமை மாதிரி ஆனது.

தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து ஃபோன் வரும். சாப்பிட்டீகளா என்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னொரு கேள்வி.

“மாத்திரை போட்டீகளா?”

“போட்டாச்சு.”

அவள் என்னிடம் மறைக்கிறாள், நான் அவளிடம் மறைக்கிறேன், சரிக்குச் சரி என்று எண்ணிக்கொண்டேன். ஃபோனை வைத்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருக்கும். எங்கள் வீடு ஒரு அறையும் அடுப்படியும்தான்.

மூன்றாவது மாதத்தில் கை பழையபடி ஆனது. ஐந்தாவது மாதத்தில் பழையதைவிட மோசம். கரண்டியைப் பிடிக்க முடியாமல் கிண்ணத்தால் சோறு மோந்தேன். ஸ்டாண்டில் காலை நேரத்தில் எல்லோருக்கும் அவசரம்.

“என்ன பெருசு, ஒரு டோக்கனக் கிழிக்க இம்புட்டு நேரமா? பஸ்ஸு போயிரும்.”

“நீங்களே கிழிச்சுக்கங்க மாப்ள.”

புத்தகத்தை நீட்டிவிடுவேன். அவர்களே கிழித்து ஒரு துண்டை வண்டியில் செருகிவிட்டு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அப்படியே பழகிப்போனது.

பிளேடு பிடிக்க முடியாததால் முகம் வழிக்கக் கடைக்குப் போனேன். முகம் வழித்துக்கொண்டிருந்தவர் கை தாடைக்குக் கீழே வந்ததும் நின்றது. விரலால் இரண்டு தடவை அழுத்தினார்.

“அண்ணே, இங்க உருண்டையா என்னமோ இருக்கே. வலிக்குதா?”

“இல்ல.”

“எத்தன நாளா இருக்கு?”

“நீங்க சொல்லித்தான் தெரியும்.”

அவர் அந்த இடத்தில் கத்தி படாமல் வழித்து முடித்தார். வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். அருநெல்லிக்காய் அளவு. வலி இருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு வாரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் ஸ்டாண்டில் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். பிழைப்பதற்காகப் போகவில்லை. அண்ணன் மாதிரி மோர் குடித்துக்கொண்டே போக எனக்கு விருப்பமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

பழைய டாக்டர் இல்லை. அந்த இடத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

“கூட யாரு வந்திருக்கா?”

“யாருமில்லம்மா.”

“வீட்ல?”

“திருப்பூர்ல இருக்கா. அம்மா, ஒண்ணு கேக்குறேன். யாரையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லாம என்ட்டயே சொல்லுங்க. எனக்குக் கேன்சர்தானே?”

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“யார் சொன்னா?”

“மாத்திரை சொல்லுச்சு.”

மருந்து ஜன்னலில் நடந்ததைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

“ஐயா, அது ரெண்டுக்கும் குடுக்கிற மாத்திரை. அவருக்கு கேன்சருக்கு. உங்களுக்கு மூட்டுக்கு, அதுவும் கொஞ்சமா. மிளகாய்ப்பொடிய சாம்பார்லயும் போடுறோம், கறியிலயும் போடுறோம். அதனால சாம்பார் கறியாயிடுமா?”

“ஆகாதும்மா.”

“எத்தன மாசமாப் போடல?”

“எட்டு.”

அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அக்குளைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் வருகிறதா, வேர்க்கிறதா, எடை குறைந்ததா என்று கேட்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“மறைக்காமச் சொல்லச் சொன்னீங்க, சொல்றேன். இந்த முடக்குவாதம் இருக்கிறவங்களுக்கு நெறிகட்டுற இடத்துல வர்ற ஒரு கேன்சர், மத்தவங்களவிடக் கொஞ்சம் கூடுதலா வருது. எல்லாருக்கும் வராது. நெறையப் பேருக்கு வராது. ஆனா நோயைக் கவனிக்காம விட்டு, உள்ளுக்குள்ள அது எரிஞ்சுக்கிட்டே கெடந்தா வாய்ப்பு கூடும். அந்த எரிச்சலத் தணிக்கத்தான் இந்த மாத்திரை. நீங்க தணிக்கிறத நிறுத்திட்டீங்க. பீடி உண்டா?”

“உண்டு.”

“இந்த நோயோட அதுவும் சேர்ந்தா நுரையீரலுக்கு ஆபத்து. இந்தக் கட்டி நோய்னால வீங்கினதா இருக்கலாம், டி.பி.யா இருக்கலாம், நீங்க நினைக்கிறதாவும் இருக்கலாம். எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். எனக்கு இப்பத் தெரியாது. தெரிஞ்சா உங்ககிட்டத்தான் சொல்லுவேன்.”

என்னிடம் இப்படி நேராக யாரும் பேசி ரொம்ப நாளாயிருந்தது. சரி என்றேன். அந்த நோய் எனக்கு இல்லாதபோது இருக்கிறதென்று நம்பினேன். நம்பி மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தியதால் இப்போது நிஜமாகவே வந்திருக்கலாம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டியை எடுக்க ஒரு தாளில் கூட இருப்பவர் கையெழுத்து வேண்டும். ஆள் இல்லை என்றால் நாளைக்கு அழைத்து வாருங்கள் என்றார்கள். நாளைக்கும் நான் ஒரு ஆள்தான் வருவேன் என்றேன். நர்சம்மா சிரிக்கவில்லை.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து மாமியாரைக் கூட்டி வந்திருந்தார். மாமியாருக்கும் என்னைப் போலத்தான் கை.

“நான் போடுறேன் கையெழுத்து,” என்று எழுந்தார் அந்த அம்மா.

“நீங்க யாரு அவருக்கு?” என்றார் நர்சம்மா.

“தங்கச்சி.”

“இம்புட்டு நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்லையே?”

“கோவம்.”

மாமியார்க்காரி உட்கார்ந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள். “எனக்கு ஒரு டீ வாங்கித்தர அம்புட்டு யோசிக்கிறவ, ஊரான் கட்டிக்குக் கையெழுத்துப் போடுறா பாரு.”

“ஒங்களுக்குப் போட்டுப் போட்டுத்தான அத்த பழகிருச்சு. சும்மா இருங்க.”

உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினார். நல்ல எழுத்து. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது தங்கச்சி இன்னும் உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விடுமே என்றேன். அடுத்த பஸ் இருக்கு என்றார். மாமியார் பாதி பன்னை என்னிடம் நீட்டினாள்.

“தின்னுங்க. வாயில ஒண்ணும் அறுக்கலேல்ல?”

முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டாண்டுக்குப் போனேன். வந்தேன். சோறு ஒரு வேளை வடித்து மூன்று வேளைக்கு வைத்துக்கொண்டேன். வலிக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை மட்டும் போட்டேன். வாராந்தர மாத்திரையை முடிவு வந்த பிறகு தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். சில நாள் அவள் படம் தெரிகிற ஃபோனில் வருவாள், பேரப்பிள்ளைகளைக் காட்ட.

“இந்த வெயில்ல என்ன துண்டு?”

“வேர்வைக்கு.”

சின்னவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். என் விரல் விரியவில்லை என்பதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று சீக்கிரம் இறக்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னால் ஓடி வருவாள். அங்கே பிள்ளைகளை யார் பார்ப்பது. சொல்லவில்லை.

பத்தாம் நாள் போனேன். டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“கேன்சர் இல்ல. டி.பி.யும் இல்ல. நோய் எரிச்சல்ல வீங்கின நெறிதான்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

“உட்காருங்கய்யா. இப்ப இல்ல, அவ்வளவுதான். இனிமே வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. மத்தவங்களவிட உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்னு சொன்னேன்ல, அது அப்படியேதான் இருக்கு. மாத்திரைய விடாதீங்க. பீடிய விடுங்க. மறுபடி கட்டி வந்தாலோ, காய்ச்சல் நிக்காம இருந்தாலோ, சும்மா எடை குறைஞ்சாலோ, இருமல் விடலைன்னாலோ நேரா இங்க வாங்க. வரிசையில யாரு என்ன சொன்னாலும் என்கிட்ட வந்து கேளுங்க.”

வெளியே வந்து அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். வேறு ஆட்கள் இருந்தார்கள். கொட்டாம்பட்டித் தங்கச்சியின் ஃபோன் நம்பரை வாங்கி வைக்கவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. வாசலில் ஒரு டீ வாங்கினேன். டீ போடுகிறவரிடம், எனக்கு ஒண்ணுமில்லையாம் என்றேன்.

“சந்தோசம்ணே. வடை வேணுமா?”

வடை வேண்டாம் என்றேன். பயந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் பயம் போனதைச் சொல்லவும் ஆளில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். இந்தத் தடவை சரியான ஸ்டாப்பில் இறங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர், என்ன அக்கா வந்துட்டாகளா என்று கேட்டார். இல்லை, கால் கிலோ போடுங்கள் என்றேன். நானே மசாலா போட்டு வேக வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. கறி வேகவில்லை. தின்றேன். கை கழுவினேன். மாத்திரையைப் போட்டேன்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. சாப்பிட்டீகளா என்றாள்.

“கறி எடுத்தேன் இன்னிக்கு.”

“இன்னிக்கா? அப்ப இம்புட்டு நாளா எடுக்கலையா?”

“ஒருத்தனுக்கு என்ன கறி.”

அவள் கெட்டிக்காரி.

“கறி எடுக்கலைன்னா மாத்திரை எப்படிப் போட்டீக?”

பதிலுக்கு என்னிடமிருந்த கேள்வியைக் கேட்டேன். முதல் நாள் டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் என்ன சொன்னார் என்று.

“எதுக்கு இப்ப அதக் கேக்குறீக?”

“சொல்லு.”

“பீடிய நிப்பாட்டச் சொன்னாரு. இந்த நோவும் பீடியும் சேந்தா நெஞ்சுல கேன்சர் வர வழியிருக்குன்னாரு. வந்துருச்சுன்னு சொல்லல, வரலாம்னுதான் சொன்னாரு. அந்தப் பேரச் சொன்னா நீங்க படுத்துருவீகன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க அண்ணன் செத்தப்ப நீங்க இருந்த இருப்ப நான்தான பாத்தேன். அதான் எலி மேல பழியப் போட்டுட்டு இருந்தேன்.”

வரலாம் என்பதை அவள் மறைத்தாள். அதை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நான் எட்டு மாதம் கெட்டேன். இதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. படம் தெரிகிற மாதிரி கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள். துண்டை எடுத்தேன்.

ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் கண் மட்டும் தெரிந்தது. பின்னால் சின்னவன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

“எப்ப?”

“ரெண்டு வாரமாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாக.”

“கூட யாரு இருந்தா?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

“கொட்டாம்பட்டில ஒரு தங்கச்சி.”

“ஒங்களுக்கு ஏது தங்கச்சி?”

“இருக்கா.”

அடுத்த வாரம் வந்தாள். நான்கு நாள் இருந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து அட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மகளிடமிருந்து ஃபோன் வந்தது. போய்விட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறேன். நூறு கிராம் கொடுக்க மாட்டார்கள், அதனால் கால் கிலோ. இரண்டு நாள் வைத்துத் தின்கிறேன். ஃபோனைச் செம்பில் சாய்த்து வைத்து, நான் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிற வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கை பாதிக்குத் தேவலை. டோக்கனை நானே கிழிக்கிறேன். குளிக்கும்போது கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

பீடியை முழுதாக விட்டபாடில்லை. நாளைக்கு இரண்டு. கட்டு மாடத்தில் காய்ந்தபடியே கிடக்கிறது. நனைக்க வீட்டில் எலி இல்லை.